முகவரி நிற்கும், கோப்பு நிற்குமா?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை இப்போது எப்படிக் கேட்கிறீர்கள்? இன்ன அலைவரிசை, இன்ன நேரம் என்று தெரிந்து வந்திருக்கிறீர்கள். நாளை இதே நேரத்துக்கு இதே எண்ணில் திருப்பினால் நான் இருக்க மாட்டேன். வேறு யாரோ வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். அலைவரிசை என்பது ஓர் இடம், அவ்வளவுதான். அங்கே என்ன ஒலிக்கும் என்பதற்கு அந்த எண் ஜவாப்தாரி அல்ல.

இணையத்தில் தினமும் நாம் அழுத்துகிற லிங்க்குகளும் அதே ரகம். இன்ன சர்வரில், இன்ன அடைவில், இன்ன பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். கோப்பை எடுத்துவிட்டால் 404 என்று வரும், அதுகூடப் பரவாயில்லை. அதே பெயரில் வேறொரு கோப்பை வைத்துவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சான்றாகக் காட்டியிருந்த இணைய லிங்க்குகளை ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதி லிங்க்குகளில், தீர்ப்பில் சுட்டிய விஷயம் அங்கே இல்லை.

சரி, இடத்தைச் சொல்லாமல் பொருளைச் சொல்லிக் கேட்டால் என்ன? இந்த ஒரு கேள்வியில் பிறந்தவைதான் உள்ளடக்கத்தையே முகவரியாகக் கொண்ட கோப்பு முறைகள். அவற்றில் இன்று பரவலாகப் பேசப்படுவது ஐ.பி.எஃப்.எஸ்.; ஹுவான் பெனெட் என்பவர் தொடங்கிய புரோட்டோகால் லேப்ஸ் 2015-இல் வெளியிட்டது. ஆனால் யோசனை அதைவிட வயதானது. பெல் லேப்ஸில் பிளான் 9 இயங்குதளத்துக்காகச் செய்த வென்ட்டி என்ற சேமிப்பு முறை 2002-லேயே இப்படித்தான் வேலை செய்தது. நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் கிட் என்ற மென்பொருள், 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது, உள்ளுக்குள் இதே வழிதான்.

பொருளை எப்படிச் சொல்வது? இங்கேதான் ஹாஷ் வருகிறது. கோப்புக்கு ஒரு கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷா-256 என்ற கணக்கீட்டில் எந்தக் கோப்பைப் போட்டாலும் 256 பிட் நீளமுள்ள ஓர் எண் வரும். ஒரு வரிக் கடிதம் போட்டாலும் அதே நீளம், மூன்று மணி நேரப் படம் போட்டாலும் அதே நீளம். கடிதத்தில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளியை வைக்க மறந்துவிட்டீர்களா, முழு எண்ணும் ஆளே மாறிப்போய்விடும். எதுவுமே எழுதாத காலிக் கோப்புக்குக்கூடக் கைரேகை உண்டு. பூஜ்யம் முதல் ஒன்பது வரையும், அதற்குமேல் ஏ முதல் எஃப் வரையும் வைத்து எண்ணும் பதினாறடிமான எழுத்தில் அது ‘இ, மூன்று, பி, பூஜ்யம், சி, நான்கு, நான்கு, இரண்டு’ என்று தொடங்கும். உலகத்தில் எந்தக் கணினியில், எந்த ஆண்டில் போட்டுப் பார்த்தாலும் அதேதான். யாரும் யாரையும் கேட்டு வைத்த பெயர் அல்ல அது. காலிக் கோப்பிலிருந்தே பிறந்த பெயர்.

ஐ.பி.எஃப்.எஸ்.ஸில் இந்த முகவரிக்கு சி.ஐ.டி. என்று பெயர். நம் காதுக்கு அது துப்பறியும் போலீஸ்தான். வேலையும் ஏறக்குறைய அதுதான், ஆள் மாறாட்டத்தைக் கண்டுபிடிப்பது. பழைய சி.ஐ.டி.க்கள் எல்லாமே ‘கியூ எம்’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். பார்க்கிறவர்கள் நிறுவனத்தின் முத்திரை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில், எந்தக் கணக்கீட்டில் வந்த ஹாஷ், எத்தனை பைட் நீளம் என்ற இரண்டு சிறு குறிப்புகள் முன்னால் ஒட்டியிருக்கின்றன. பழைய சி.ஐ.டி.க்களில் அந்தக் குறிப்புகள் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதால் முதல் எழுத்துகளும் மாறுவதில்லை. அந்தக் குறிப்பு இருப்பது நல்லது. ஷா-1 என்ற பழைய கணக்கீட்டில் ஒரே ஹாஷ் வரும் இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப். கோப்புகளை கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையமும் 2017-இல் செய்தே காட்டிவிட்டன. ஷா-256-க்கும் ஒருநாள் அந்தக் கதி வந்தால், முகவரி அமைப்பை உடைக்காமல் வேறு கணக்கீட்டுக்குத் தாவிக்கொள்ளலாம்.

இனி ஒரு கோப்பை உள்ளே போடும்போது நடப்பதைப் பார்ப்போம். கோப்பு முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக நறுக்கப்படும். நெடுநாளாக இருந்துவந்த வழக்கமான அளவு ஒரு துண்டுக்கு 256 கிலோபைட். 10 மெகாபைட் கோப்பு என்றால் 40 துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ். பிறகு அந்த 40 ஹாஷ்களையும் வரிசையாக எழுதிய ஒரு பட்டியல். அந்தப் பட்டியலுக்கும் ஒரு ஹாஷ். அதுதான் நீங்கள் நண்பருக்கு அனுப்பும் முகவரி. கோப்பு பெரிதானால் பட்டியல்களுக்குப் பட்டியல் என்று மேலே மேலே போகும். ரால்ஃப் மெர்க்கிள் 1979-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மர அமைப்பின் வாரிசு இது. உச்சியில் இருக்கும் ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ள ஒவ்வொரு பைட்டையும் சரிபார்க்கலாம்.

ஒரே துண்டு இரண்டு கோப்பில் வந்தால் ஒரு முறைதான் சேமிக்கப்படும் என்று விளம்பரம் போலச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோப்பின் கடைசியில் எதையாவது சேர்த்தால் முன்னால் உள்ள துண்டுகள் அப்படியே இருக்கும். தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைச் செருகிப் பாருங்கள். எல்லாத் துண்டுகளின் எல்லையும் நகர்ந்து, ஒன்றுகூடப் பழையதோடு பொருந்தாது. அளவை வைத்து நறுக்காமல், உள்ளே வரும் பைட்டுகளின் போக்கைப் பார்த்து நறுக்கும் முறைகளும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போய் இயக்குகிறவர்கள் குறைவு.

எடுப்பது எப்படி? கையில் இருப்பது ஓர் எண். யாரிடம் கோப்பு இருக்கிறது என்று அதில் எழுதியிருக்காது. முதலில் ஏற்கெனவே தொடர்பில் உள்ள கணினிகளிடம், ‘இது உன்னிடம் உண்டா?’ என்று கேட்டுப் பார்க்கும். இல்லையென்றால் வலைப்பின்னல் முழுக்கப் பரவிக் கிடக்கும் ஒரு விலாசப் புத்தகத்தைப் புரட்டும். அதன் அடிப்படை, மைமுன்கோவ், மசியேர் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட கடெம்லியா. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான். அதில் கணினிக்கும் ஓர் எண், கோப்புக்கும் ஓர் எண். இரண்டு எண்களையும் பைனரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒத்துப்போகிற இடத்தில் பூஜ்யம், ஒத்துப்போகாத இடத்தில் ஒன்று. கிடைக்கும் எண்தான் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்! மைல் கணக்கும் நாட்டு எல்லையும் இதில் இல்லை. பக்கத்து மேசையில் இருக்கும் கணினி வெகு தூரத்திலும், கடல் கடந்த கணினி அண்டை வீட்டிலும் இருக்கலாம். கோப்பின் எண்ணுக்கு மிக நெருக்கமான 20 கணினிகள், ‘இன்னாரிடம் இருக்கிறது’ என்ற சீட்டை வைத்திருக்கும். தேடுகிறவர் ஒவ்வொரு தாவலிலும் நெருங்கிக்கொண்டே போவார். பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் கணக்குப்படி ஏறத்தாழ இருபது தாவல்.

அந்த 20 கணினிகளிடம் இருப்பது சீட்டு மட்டும். கோப்பு அல்ல. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். உள்ளே போட்ட மறுநிமிடம் கோப்பு உலகம் முழுக்கப் பிரதியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது உங்கள் கணினியில்தான் இருக்கிறது. யாராவது கேட்டு வாங்கினால் அவரிடமும் ஒரு பிரதி கொஞ்ச நாள் தங்கும். சீட்டும் ஒன்றிரண்டு நாளில் காலாவதியாகிவிடும். புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வந்து சேரும் துண்டை அப்போதே ஹாஷ் போட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் எடுத்துக்கொள்வது, பொருந்தாவிட்டால் தூக்கிப்போடுவது. அதனால் முன்பின் தெரியாத ஆளிடமிருந்தும் தைரியமாக வாங்கலாம். 2017 ஏப்ரலில் துருக்கி அரசு விக்கிப்பீடியாவை முடக்கியபோது, துருக்கிய விக்கிப்பீடியாவின் பிரதி ஒன்றை ஐ.பி.எஃப்.எஸ்.ஸில் ஏற்றினார்கள். யாரிடமிருந்து வாங்கினாலும் அதே பக்கங்கள்தான் என்ற உறுதி அதில் இருந்தது. ஆனால் பிரதி எடுத்த நாளோடு அது உறைந்துபோனது. திருத்தினால் முகவரி மாறிவிடுமே! மாறும் கோப்புக்கு மாறாத பெயர் தர ஐ.பி.என்.எஸ். என்று தனி ஏற்பாடு உண்டு. மெதுவாகத்தான் ஓடும், அதை இன்று விட்டுவிடுகிறேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உலாவியில் பொது கேட்வே, அதாவது உங்களுக்காகக் கோப்பை எடுத்துத் தரும் இடைத்தரகு சர்வர், வழியாகத் திறந்தால், ஹாஷைச் சரிபார்ப்பது நீங்கள் அல்ல, அந்த கேட்வே. அதன் பேச்சை நம்பத்தான் வேண்டும். மறைக்க வேண்டிய கோப்பென்றால் பூட்டிவிட்டு ஏற்றுங்கள். முகவரி தெரிந்தவர் எவரும் எடுக்கலாம், எடுத்தவரிடமிருந்து திரும்ப வாங்க வழியில்லை.

‘அழியாத இணையம்’ என்று இதைப் புகழ்கிறவர்களோடு நான் சண்டை போடுவேன். அழியாதது முகவரிதான். நானே அடிபட்டேன். என் பேச்சு ஒன்றின் ஒலிப்பதிவை ஏற்றி, முகவரியைச் சிலருக்கு அனுப்பியிருந்தேன். எல்லோரும் கேட்டார்கள். இந்த முறையில், வேண்டிய கோப்புக்கு ‘இதை அழிக்காதே’ என்று ஒரு பின் குத்தி வைக்க வேண்டும். குத்தாததெல்லாம் இடம் போதாதபோது குப்பையோடு போகும். வட்டு நிரம்பியதும், இத்தனை பேரிடம் இருக்கிறதே என்று என் பின்னைப் பிடுங்கிவிட்டேன். அவர்களும் யாரும் குத்தி வைக்கவில்லை. சில மாதம் கழித்து ஒருவர் கேட்டார். முகவரியைக் கொடுத்தால் சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘இல்லை’ என்றுகூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? உலகத்தில் எவரிடமும் இல்லை என்று யாரால் உறுதி தர முடியும்?

பழைய பென்டிரைவில் மூலப் பதிவு அகப்பட்டது. நிம்மதியாக மறுபடி ஏற்றினேன். வேறு முகவரி வந்தது! ஒரு பைட்கூட மாறவில்லை, முகவரி மட்டும் வேறு. அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. முகவரி என்பது கோப்பின் நேரடி ஹாஷ் அல்ல. நறுக்கிக் கட்டிய மரத்தின் உச்சியிலுள்ள ஹாஷ். நான் இம்முறை பயன்படுத்திய செயலி துண்டுகளை வேறு விதமாக உறையிலிட்டு, புதிய வடிவச் சி.ஐ.டி. தந்திருக்கிறது. பழைய அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு ஏற்றினேன். மூன்றாவது முயற்சியில் ‘கியூ எம்’ என்று தொடங்கிய அதே பழைய முகவரி திரையில் வந்தது. அந்த நண்பரிடம் புதிதாக எதையும் அனுப்பவில்லை. மாதக்கணக்கில் செத்துக் கிடந்த அதே லிங்க்கை அழுத்தச் சொன்னேன், பேச ஆரம்பித்துவிட்டது.

இப்போது அந்தப் பதிவு மூன்று கணினிகளில் பின் குத்தியிருக்கிறது. அவற்றில் இரண்டு என்னுடையவை அல்ல. எந்த அமைப்பில் நறுக்கினேன் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பென்டிரைவோடு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.