எச் என்றொரு எழுத்து

அவையோருக்கு வணக்கம். நரம்பை முடக்கும் போட்டுலினம் நச்சின் வகைகளுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயர் வைக்கும் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஒரு சாவுக்கு வாசிக்கப் போன பேண்டு வாத்தியக்காரர்கள் 34 பேர் உப்பிட்ட பன்றித்தொடை சாப்பிட உட்கார்ந்தார்கள். பிறகு பலருக்குப் பார்வை இரட்டையானது, பேச்சு குழறியது, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் வான் எர்மெங்கெம் என்ற ஆய்வாளர் இந்த நச்சைச் சுரக்கும் போட்டுலினம் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

அந்தக் கிருமியின் நச்சு ஒரே வகைதான் என்று அப்போது நினைத்தார்கள். ஆனால் ஓரிடத்துக் கிருமிக்குத் தயாரித்த எதிர்நச்சு, அதாவது நச்சை முறிக்கும் மருந்து, இன்னோரிடத்துக் கிருமியிடம் பலிக்கவில்லை. 1919இல் ஜார்ஜினா பர்க் என்ற ஆய்வாளர் இரண்டு நச்சுகளையும் ஏ, பி என்று பிரித்தார். சோதனை எளிது: நச்சையும் எதிர்நச்சையும் கலந்து எலிக்கு ஊசி போடுவார்கள். பொருந்தாவிட்டால் எலி மூச்சுக்குத் திணறும், இடுப்பு குளவியின் இடுப்பைப்போல் ஒடுங்கிவிடும். பொருந்தினால் பிழைத்து ஓடும். 1970 வாக்கில் ஜி வரை ஏழு எழுத்துகள் சேர்ந்துவிட்டன. எனக்கு இந்த முறைமேல் பெரிய மரியாதை உண்டு. மூச்சுத்தசை ஓய்ந்துகொண்டிருக்கும் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்கு, எந்த மருந்து பலிக்கும் என்பதை அந்த ஒற்றை எழுத்தே சொல்லிவிடுகிறது.

பிறகு மரபணு வரிசை படிக்கும் காலம் வந்தது. ஒரே எழுத்துக்குள்ளேயே வேறுபாடுகள் தெரிந்தன. அமினோ அமில வரிசை ஏறத்தாழ 2.6 விழுக்காடு மாறினால் தனி உட்பிரிவு என்று வைத்து ஏ1, ஏ2 என எண் கொடுத்தார்கள்.

2013இல் கலிஃபோர்னியாவில் ஒரு கைக்குழந்தையிடம் கிடைத்த நச்சுக்கு எச் என்று எட்டாவது எழுத்தையே சூட்டினார்கள். எதிர்நச்சே இல்லாத வகை என்று அஞ்சி, மரபணு வரிசையைக்கூட வெளியிடாமல் வைத்திருந்தார்கள். பின்னால் பார்த்தால் அது ஒரு கலப்பு. நரம்புக்குள் புகுந்து அங்குள்ள புரதத்தை வெட்டும் பகுதி எஃப் வகையின் ஓர் உட்பிரிவைப் போன்றது, நரம்பைப் பற்றும் பகுதி ஏ1-ஐப் போன்றது. கையிலிருந்த ஏ எதிர்நச்சே அதை அடக்கியது! அவசரமாக வைத்த ஓர் எழுத்து எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பெயரை அறிவிக்குமுன் ஆய்வாளர்கள் தங்களுக்குள் கலந்து பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் 2017இல் அறிவிக்கப்பட்ட எக்ஸ் என்ற நச்சு வேறு கதை. 1990களில் ஜப்பானில் ஒரு குழந்தையிடமிருந்து எடுத்த கிருமியின் மரபணுவில் அது கிடைத்தது. அந்தக் கிருமி பி2 நச்சைச் சுரப்பது என்றே அதுவரை குறித்து வைத்திருந்தார்கள். ஏழு எதிர்நச்சுகளில் ஒன்றுகூட எக்ஸைத் தடுக்கவில்லை; அதற்குத் தனி எழுத்து தகும்.