எப்படியும் சாகப்போகிற மீனை ஏன் விட வேண்டும்?

சரி, அடுத்த கேள்வி. இதை மூன்று நாளாக மனதில் போட்டுக்கொண்டு சுற்றுகிறேன். கேட்டவர் ஈரோட்டுத் தம்பி ஒருவர். சியாட்டிலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்: “அண்ணா, மார்ச் கடைசி வாரம் ஹோ ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறோம். ஸ்டீல்ஹெட் முட்டையிட்டதும் எப்படியும் செத்துவிடும் என்கிறார்கள். சாகப்போகிற மீனைப் பிடித்தால் ஏன் விட்டுவிட வேண்டும்? குழம்பு வைத்தால் என்ன தப்பு?”

குழம்பு என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் வருஷம் தவறாமல் வரும். நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய், நாள் முழுக்க மழையில் நின்று, வெறுங்கையோடு வந்து நிற்கிற மனிதரை என்னவென்று சொல்வது என்று என் மனைவி கேட்பார். அவருக்குப் பதில் சொல்லி ஜெயித்ததில்லை. உங்களிடம் முயன்று பார்க்கிறேன்.

முதலில், “எப்படியும் செத்துவிடும்” என்பது சாமனின் கதை. அக்டோபர் வீடியோவில் பார்த்தீர்களே, சினூக், கோஹோ என்ற சாமன் வகைகள் கரையெங்கும் செத்துக் கிடந்தன, நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினேன். அவை ஒருமுறைதான் முட்டையிடும், அதோடு முடிந்தது. ஸ்டீல்ஹெட் அப்படி இல்லை. அது கடலுக்குப் போய்வந்த ரெயின்போ டிரவுட். இனம் ஒன்றேதான். ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட், கடலில் தின்று வளர்ந்து வெள்ளிப் பளபளப்போடு திரும்பினால் ஸ்டீல்ஹெட். முட்டையிட்ட பிறகும் உயிர் மிச்சம் இருந்தால் மறுபடி கடலுக்கு இறங்கும், உடம்பைத் தேற்றிக்கொண்டு இன்னொரு வருஷம் மறுபடி ஏறும். பெரும்பாலானவை பிழைப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிழைப்பவற்றில் பெண் மீன்தான் அதிகம். ஆண் மீன் அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி என்று வாரக்கணக்கில் சுற்றி, மற்ற ஆண்களோடு சண்டை போட்டு ஓடாய்த் தேய்ந்துபோகும். பெண் மீன் வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடும். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டில் இந்த வீடியோவைப் பார்ப்பார்கள்.

முட்டையிட்டுவிட்டுக் கடலுக்கு இறங்கும் மீனை இங்கே கெல்ட் என்பார்கள். நான் முதன்முதலில் பிடித்த கெல்ட்டை மறக்கவே முடியாது, ஏனென்றால் அது கெல்ட் என்றே எனக்குத் தெரியவில்லை. சோல் டக் ஆறு, சீசன் முடிய இரண்டோ மூன்றோ நாள். மீன் மாட்டியது, கொஞ்சம் இழுத்தது, சீக்கிரமே கைக்குள் வந்துவிட்டது. பார்த்தால் வெள்ளி மாதிரி மின்னுகிறது. ஆற்றில் பல நாள் கிடந்த மீன் கறுத்து, பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஏறி இருக்கும் என்று படித்திருந்தேன் அல்லவா? அதனால், நேற்றுத்தான் கடலில் இருந்து ஏறிய புது மீன் என்று குதித்தேன். கூட வந்த பெரியவர் (பழைய வீடியோக்களில் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், ஃபோர்க்ஸ் என்ற ஊர்ப்பக்கம் மரம் வெட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்) குனிந்துகூடப் பார்க்கவில்லை. “வயிற்றைப் பார், வாலைப் பார்” என்றார். வயிறு ஒட்டிப்போய்த் தொளதொள என்று இருந்தது. வாலின் ஓரம் தேய்ந்து வெளுத்திருந்தது, சரளைக் கல்லை அடித்து அடித்துப் பள்ளம் தோண்டிய வால். கடலுக்குத் திரும்பும் மீன் மறுபடி வெள்ளி பூசிக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மீனைக் குழம்பு வைத்திருந்தால் தம்பி, ருசிக்கவும் ருசித்திருக்காது. உடம்பில் கொழுப்பு என்று ஒன்றும் மிச்சம் இல்லை.

அப்புறம் சட்டம். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குட்டித் துடுப்பு இருக்கும், கொழுப்புத் துடுப்பு. குஞ்சுப் பண்ணையில் வளர்த்து விட்ட மீனுக்கு அதைச் சின்ன வயதிலேயே வெட்டிவிடுவார்கள். அது இல்லாத மீனை, அளவுக்கு உட்பட்டு, எடுத்துக்கொள்ளலாம். அது இருந்தால் ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன், விட்டுவிட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் அதைத் தண்ணீருக்கு வெளியே முழுசாகத் தூக்கக்கூடக் கூடாது. படம் எடுப்பதற்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அது அபராதம். பண்ணை மீன் டிசம்பர், ஜனவரியில் வந்து போய்விடும். காட்டு மீன் பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை வரும். ஆகவே மார்ச் கடைசியில் உங்களுக்கு மாட்டுவது அநேகமாகக் காட்டு மீன்தான். விதிகள் வருஷா வருஷம் மாறும், சில வருஷம் நடுவிலேயே ஆற்றை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் மீன்வளத் துறை போட்டிருக்கும் விதியைப் படித்துவிடுங்கள்.

இவ்வளவுதான் பதில். ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. “அண்ணா, ஆற்றில் எங்கே கால் வைப்பது?” என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். தொடர்ந்து பார்ப்பவர்கள் “ஆரம்பித்துவிட்டார்” என்று எழுதுவீர்கள், எழுதுங்கள்.

பெண் மீன் முட்டையிடும் விதத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுத்து, வாலால் சரளையை அடித்துக் குழி பறிக்கும். முட்டை விழும், ஆண் மீன் பக்கத்தில் வந்து விந்தைச் சேர்க்கும். உடனே கொஞ்சம் மேலே நகர்ந்து அடுத்த குழியைப் பறிக்கும். அதில் கிளம்பும் கல், ஓட்டத்தோடு வந்து முதல் குழியை மூடிவிடும். தோண்டுவதும் மூடுவதும் ஒரே வேலை. எனக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. இங்கே ரெட் என்பார்கள், நான் முட்டைக்குழி என்று சொல்கிறேன். சில ஆயிரம் முட்டை, கல் இடுக்கில், குளிர்ந்த தண்ணீர் உள்ளே ஊடுருவி ஓடுவதை நம்பிக் கிடக்கும். பொரிந்தாலும் குஞ்சு உடனே வெளியே வராது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவைத் தின்றுகொண்டு கல்லுக்குள்ளேயே இருக்கும். மார்ச், ஏப்ரலில் இட்ட முட்டை என்றால், குஞ்சு வெளியே வர ஜூன், ஜூலை ஆகிவிடும்.

இந்தக் குழி எங்கே இருக்கும்? மடு முடிந்து தண்ணீர் பரந்து மேலோடும் இடத்தில், முழங்கால் ஆழத்தில், நல்ல சரளையில். நீங்களும் நானும் ஆற்றைக் கடக்க எந்த இடத்தைத் தேடுவோம்? அதே இடத்தைத்தான்! மொன்டானா மாநிலத்தில் டிரவுட் முட்டையை வைத்து ஒரு சோதனை செய்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். முட்டை இட்டதில் இருந்து குஞ்சு வெளியே வரும்வரை தினம் இரண்டு முறை மிதித்தால் 96 சதவீதம் வரை அழிந்தது. பொரிப்பதற்குச் சற்று முன்பு ஒரே ஒரு முறை மிதித்ததற்கே 43 சதவீதம் வரை போனது. மீனை அருமையாக, கையை நனைத்துக்கொண்டு, பின்முள் இல்லாத தூண்டிலைக் கழற்றி, தண்ணீரிலேயே வைத்து விட்டுவிட்டு, திரும்பி நடக்கும்போது நானூறு முட்டையை மிதித்தால் என்ன கணக்கு?

நானும் மிதித்திருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் எத்தனை என்று தெரியாது. ஒரு நாள் பெரியவர் கரையில் இருந்து சத்தம் போட்டார். கரடிதான் வந்துவிட்டது என்று அப்படியே உறைந்து நின்றேன். கரடி இல்லை. என் வலது காலுக்கு ஒரு முழம் தள்ளி, பாசி பிடித்த பழுப்புக் கல்லுக்கு நடுவில், யாரோ தேய்த்துக் கழுவி வைத்த மாதிரி வெளிறிய திட்டு. மேல்பக்கம் பள்ளம், கீழ்ப்பக்கம் மேடு. அதன் மேல் மீன் எதுவும் இல்லை, அதனால்தான் எனக்குக் கண்ணில் படவில்லை. மீன் போன பிறகும் குழி இருக்கும். மழை வந்து வெள்ளம் போனால், சில வாரத்தில் அந்த வெளிறிய நிறமும் மறைந்துவிடும். முட்டை மட்டும் கீழே இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. இந்த ஆறுகளில் சில வருஷமாகப் பல பகுதிகளில் படகில் இருந்தபடி தூண்டில் போட விடுவதில்லை. கரையில் இருப்பவன் எட்டாத இடத்தில் மீன் நிம்மதியாக இருக்கட்டும் என்று. நல்ல விதி, நான் ஆதரிப்பவன். ஆனால் அது எல்லோரையும் தண்ணீருக்குள் இறக்கிவிட்டது. அதனால்தான் இதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறேன்: காலைப் பாருங்கள்.

சரி, தூண்டிலை எங்கே போடுவது? மனிதன் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் தேடுங்கள். ஆழம் இடுப்பில் இருந்து தலைவரை. நீளக் கோலால் குறுக்கே வீசி, இரை வளைந்து வளைந்து கரைப்பக்கம் வரும்வரை விட்டுவிடுங்கள். மழை விட்டு ஆறு வடியும்போது, தண்ணீர் பச்சையாகத் தெளியத் தொடங்கும் நாள்தான் நாள். ஹோ ஆறு ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறையில் இருந்து வருவது. கலங்கினால் தெளிய நேரம் எடுக்கும். அன்றைக்கு சோல் டக் பக்கம் போய்விடுங்கள், அது சீக்கிரம் தெளியும். முட்டைக்குழி மேல் நிற்கும் மீன் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரியும், ஆசையாக இருக்கும். அதற்குப் போடாதீர்கள். அது மீன்பிடிப்பு இல்லை, பிரசவ அறைக் கதவைத் தட்டுவது.

ஊட்டிக்காரர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு செய்தி. அவலாஞ்சி குஞ்சுப் பண்ணையில் இருக்கும் ரெயின்போ டிரவுட்டும் இந்த மீனும் ஒரே இனம். நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. சின்ன வயதில் அங்கே அதைப் பார்த்தபோது, ஏதோ மலை மீன் என்றுதான் நினைத்தேன். இங்கே எல்வா ஆற்றில் இரண்டு அணைகள் கிட்டத்தட்ட நூறு வருஷம் வழியை மறித்து நின்றன. 2011-இல் இடிக்கத் தொடங்கி 2014-இல் முடித்தார்கள். அணைக்கு மேலே அத்தனை காலம் மாட்டிக்கொண்டிருந்த டிரவுட்டின் சந்ததி, வழி திறந்ததும் கடலுக்குப் போய், கோடையில் ஆறு ஏறும் ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பி வந்தது. பாட்டன் பூட்டன் யாரும் கடலைப் பார்த்ததில்லை, பாருங்கள். இதைத் தனி வீடியோவாகப் பேச வேண்டும், இப்போது வேண்டாம்.

குழம்பு பாக்கி இருக்கிறது. தம்பி, அண்ணனிடம் சொல்லி டிசம்பர் கடைசியில் வாருங்கள். போகச்சீல் ஆற்றில், குஞ்சுப் பண்ணைக்குக் கீழே போடுங்கள். கொழுப்புத் துடுப்பு இல்லாத மீன் கிடைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எடுப்பதற்காகவே விட்ட மீன் அது. கடலில் இருந்து புதிதாக ஏறியது என்பதால் சதை ஆரஞ்சு நிறமாக, நல்ல எண்ணெயோடு இருக்கும். வஞ்சிரத்துக்கு வைப்பதைவிடப் புளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், தேங்காய் வேண்டாம், திகட்டும். மீனைக் கடைசியில் போட்டு, ஒரே கொதியில் இறக்கிவிடுங்கள்.

அடுத்த கேள்வி, மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டை தையலில் ஒழுகினால் எதை வைத்து ஒட்டுவது என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.