கைப்பேசி இல்லாதவரின் வாக்கு
(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இக்கூடத்துக்கு வாடகை வாங்க மறுத்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, மின்சாரம் இல்லாத நாள்களிலும் நூலகத்தைத் திறந்துவைக்கும் எங்கள் நூலகர் அம்மையார் அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். நகர்மன்றத் தலைவருக்குத் தனியாகவும் நன்றி சொல்ல வேண்டும்; சென்ற முறை அவரை மேடையில் வைத்துக்கொண்டே சாக்கடையைப் பற்றிப் பேசினேன், இருந்தும் இன்று வந்திருக்கிறார்.

கைப்பேசி, இணையம் வழியான மின்னணு வாக்களிப்பு எளியவருக்கும் நியாயமாக அமைய, வாக்காளரை அடையாளம் காணும் முறை, வாக்கின் இரகசியம், எண்ணிக்கையைச் சரிபார்க்கும் வழி ஆகிய மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும்’ என்பார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் உறுப்பு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற வரத்தைக் கொடுத்துவிட்டது. வாக்களிப்பு கைப்பேசிக்கு மாறினால், அந்த வரத்துக்கும் நமக்கும் நடுவே ஓடிபி என்றொரு பூசாரி வந்து நிற்பார். 2025 ஜூன் 28 அன்று பீகாரின் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் வெளியூர் சென்ற தொழிலாளருக்கும் கைப்பேசிச் செயலி வழியாக வாக்களிக்க வாய்ப்புத் தந்தார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் செயலி ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு மட்டும். ஓர் எண்ணில் இரண்டு வாக்காளர் வரைதான். ஐந்து பேருக்கு ஒரு கைப்பேசி இருக்கும் வீட்டில் மூன்றாமவர் எங்கே போவார்? வாக்குச்சாவடியும் வழக்கம்போல் திறந்திருந்தது. அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றியது அதுதான் என்பேன்.

என் பெரியம்மாவுக்கு 78 வயது. வீடு மாறியதால் வாக்காளர் பட்டியலில் முகவரியைத் திருத்த வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு கணினி மையத்துக்குப் போனார். விவரங்களைத் தட்டி முடித்த பையன், “பாட்டி, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்றான். பெரியம்மா சுருக்குப்பையிலிருந்து பட்டன் கைப்பேசியை எடுத்தார். அதில் ஒன்றும் வரவில்லை. பதிவில் இருந்ததோ திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரனின் எண். அங்கே ஷிப்டு நேரத்தில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். தேநீர் இடைவேளைவரை காத்திருந்தோம். 11 மணிக்கு அவன் எண்களை வாசிக்க, பெரியம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பையனிடம் திருப்பிச் சொல்வதற்குள் கெடு முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னோம். அதற்குள் பேரனின் இடைவேளை முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் பெரியம்மா கேட்டார்: “ஏண்டா, பூத்துல என் மூஞ்சியப் பாத்ததுமே ஏஜெண்டு பேரச் சொல்லுவானே, இந்தப் பொட்டிக்கு மட்டும் என்னத் தெரியாதா?” சாமி வரம் கொடுத்தாயிற்று, பூசாரி கொடுக்கவில்லை. இதுவாவது முகவரித் திருத்தம், மறுநாள் போய்ச் செய்துகொள்ளலாம். வாக்குப்பதிவுக்கு மறுநாள் கிடையாது.

இரகசியத்துக்கு வருகிறேன். பேரன் கையிலுள்ள கைப்பேசியில் பாட்டியின் வாக்கைப் பதிவது யார் விரல்? ஐரோப்பிய நாடான எஸ்தோனியா 2005 முதல் இணையவழி வாக்களிப்பை நடத்துகிறது. அங்கே ஒருவர் தம் வாக்கை மாற்றிப் பதியலாம், சாவடிக்குப் போய்ச் சீட்டில் வாக்களித்தால் இணைய வாக்கு செல்லாது. வற்புறுத்தலுக்கு ஆளானவருக்கு அது ஒரு வழி, சாவடி நடந்துபோகும் தொலைவில் இருந்தால்.

நம் நாட்டில் எந்த வாக்காளரும் 2 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிராதபடி சாவடி அமைப்பது நெறி. குஜராத்தின் கிர் காட்டில் பாணேஜ் என்னுமிடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காக அலுவலர்கள் இயந்திரத்தைச் சுமந்து சென்றிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, வாக்காளரைச் செயலியைத் தேடி அலையவிடுவது எந்த ஊர் நியாயம்?

என் கோரிக்கையை நீங்கள் அறிவீர்கள். இருபது ஆண்டுகளாக இதையேதான் பேசுகிறேன். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பகுதிநேர நூலகங்களை முழுநேரமாக்கி, ஒவ்வொன்றிலும் மறைப்புத் தட்டியோடு ஒரு பொதுக் கணினியும், கட்சி சாராத ஓர் உதவியாளரும் வையுங்கள். பட்டியல் திருத்தம் இன்றே அங்கு நடக்கட்டும். நாளை மின்னணு வாக்களிப்பு வந்தால் அதற்கும் அதே இடம் உதவும். பூசாரியை மாற்ற முடியாவிட்டால், கோயிலையாவது நம் தெருவில் கட்டிக்கொள்வோம்.

மூன்றாவதான சரிபார்ப்பைப் பற்றி, தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் வாக்குப்பதிவின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க இயல வேண்டும் என்று 2009இல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் கூறியதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். நூலக நேரத்தை நீட்டிக்கக் கோரும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்திட இயலாதவர்களுக்காக மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.