குத்தாமல் வென்றவர்களும், விழுந்து எழுந்தவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

2025 மே மாதம் 2, 3, 4. வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடர்ச்சியாக மூன்று இரவுகள், தொழில்முறைக் குத்துச்சண்டையின் பெரிய பெயர்கள் வரிசையாக ரிங்கில் ஏறின. வெள்ளிக்கிழமை நியூயார்க் டைம்ஸ் சதுக்கம், சனிக்கிழமை சவூதியின் ரியாத், ஞாயிற்றுக்கிழமை லாஸ் வேகஸ். எல்லாவற்றையும் விடாமல் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில்தான் நிலையத்தார் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். அதனால் நிபுணத்துவம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு ரசிகனின் எரிச்சலும் கொஞ்சம் பரவசமும் கிடைக்கும்.

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன்.

டைம்ஸ் சதுக்கத்தின் நடுவே, திறந்த வெளியில் ரிங் போட்டிருந்தார்கள். சுற்றிலும் ராட்சத விளம்பரத் திரைகள். டிக்கெட் வாங்கி உள்ளே போக முடியாது; அழைப்பு இருந்தால்தான் இருக்கை. படமாகப் பார்க்க அபாரம். ஆனால் சண்டைக்குக் கூட்டத்தின் இரைச்சல் வேண்டும். மந்தமாக ஆடுகிறவனைக் கேலி செய்தே உசுப்பிவிடக் கூட்டத்தால் முடியும். அழைப்பிதழோடு வந்தவர்கள் அந்த வேலையைச் செய்வார்களா?

அன்று எல்லோரும் காத்திருந்தது ரயன் கார்சியாவுக்காக. 2024 ஏப்ரலில் டெவின் ஹேனியை மூன்று முறை தரையில் விழவைத்தவர். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார், வெற்றி ரத்தானது, ஓராண்டுத் தடை. தடை முடிந்து திரும்பும் முதல் சண்டை இது. அதே மேடையில் ஹேனியும் ஹோசே ராமிரெஸுடன் மோதினார். இருவரும் வென்றால் மறுபடி ஒருவரோடொருவர் மோதுவது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் கார்சியாவின் எதிராளி ரோலி ரோமெரோ கேட்கவில்லை. இரண்டாவது சுற்றில் ஒரு இடது ஹூக் (கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் குத்து), கார்சியா கீழே. இடது ஹூக்குக்குப் பேர்போனவரை இடது ஹூக்கே சாய்த்தது. ஜெர்வொன்டா டேவிஸிடமும் பிட்புல் குரூஸிடமும் நாக் அவுட் ஆன ரோமெரோவை அன்று யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அதனால் எனக்கு அந்த அடி ரொம்பப் பிடித்தது.

நாக்டவுன் வாங்கினால், அதாவது அடிபட்டுத் தரையில் விழுந்தால், அந்தச் சுற்று 10-8 என்று போய்விடும். இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறவர் என்ன செய்ய வேண்டும்? துரத்திப் போய் அடிக்க வேண்டும். கார்சியா வலது கையைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். மீதிப் பத்துச் சுற்றும் இதே கதை. மூன்று நடுவர்களும் ரோமெரோ பக்கம்: 115-112, 115-112, 118-109. ஹேனி வென்றார், ஆனால் வென்ற விதத்தைப் பார்த்தால், ஓராண்டுக்கு முன் விழுந்ததெல்லாம் அவர் உடம்புக்கு இன்னும் நினைவிருக்கிறது என்று தோன்றியது. ராமிரெஸ் ஒரு தோளை அசைத்தாலே இவர் இரண்டடி பின்னால் போனார். அன்றைய மூன்று சண்டைகளில் தேறியது தியோஃபிமோ லோபெஸ் ஆர்னல்ட் பர்போசாவை வென்ற சண்டை மட்டுமே. லோபெஸ் எதிராளியை உள்ளே வரவிட்டு, வந்ததும் அடிக்கிறவர். அன்று அது நன்றாகவே பலித்தது.

சனிக்கிழமை இந்தக் குறை தீரும் என்று நினைத்தேன். மெக்சிகோவின் கனேலோ அல்வரெஸ் ஆயிற்றே! எதிரே வில்லியம் ஸ்கல், ஜெர்மனியில் வாழும் கியூபாக்காரர், அதுவரை தோல்வி அறியாதவர். 168 பவுண்டு எடைப்பிரிவில் ஒரு உலகப் பட்ட பெல்ட் அவரிடம், மற்றவை கனேலோவிடம். வென்றால் எல்லாம் ஒருவருக்கே.

வென்றவர் கனேலோ. எப்படி என்று கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்கிறேன். கம்ப்யூபாக்ஸ் என்று ஒரு நிறுவனம், 1985 முதல் சண்டைகளில் குத்துகளை எண்ணிக்கொண்டு வருகிறது. பன்னிரண்டு சுற்று முழுக்க நடந்த சண்டைகளில், இருவருமாகச் சேர்ந்து மிகக் குறைவாகக் குத்திய சண்டை இதுதான் என்று அவர்கள் கணக்கு. மொத்தம் 445. கனேலோவின் பங்கு 152. முப்பத்தாறு நிமிடத்தில் 152 என்றால், பதினான்கு விநாடிக்கு ஒரு குத்து. தொழுகைக்குப் போனவர் திரும்பி வந்திருந்தாலும் ஒன்றையும் தவறவிட்டிருக்க மாட்டார். முதல் நாள் கார்சியா, ரோமெரோ சேர்ந்து 490, ஹேனி, ராமிரெஸ் சேர்ந்து 503. ஒரே வாரஇறுதியில் இத்தனை கஞ்சத்தனம்!

பழியை ஸ்கல் தலையில் மட்டும் கட்டுகிறார்கள், அவர் ஓடினார் என்று. ஓடினார்தான். ஆனால் ஓடுகிறவனை மறிக்கத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு வித்தை. பின்னாலேயே போகக் கூடாது. அவன் போகப்போகிற பக்கத்தில் குறுக்கே கால் வைத்து, மூலைக்கு ஒதுக்கி, முதலில் விலாவில் நாலு அடி கொடுத்துக் கால்களைக் கட்டிப்போட வேண்டும். இளமையில் கனேலோவுக்கு அது கைவந்த கலை. ரியாத்தில் அவர் ஸ்கல் போன வழியிலேயே பின்தொடர்ந்து நடந்தார். கால்கள் கனத்துவிட்டன என்பது என் கணிப்பு. நடுவர்களில் ஒருவர் 119-109 என்றார், இன்னொருவர் 115-113 என்றார். அடியே விழாத சுற்றில் அவர்களும் எதைத்தான் பார்த்துப் புள்ளி போடுவார்கள்!

இதற்குக் காரணம் சொல்கிறார்கள். அடுத்த பெரிய சண்டை ஏற்கெனவே பேசி முடித்தாகியிருந்தது: கனேலோவுக்கு 2025 செப்டம்பரில் டெரன்ஸ் கிராஃபோர்டு, கார்சியாவுக்கு ஹேனி. அதனால் இன்றைய சண்டை, காயமில்லாமல் கடந்துபோக வேண்டிய ஒன்றாகிவிடுகிறது என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் பாதி நம்பியிருந்தேன், ஞாயிறு இரவு வரை.

ஜப்பானின் நவோயா இனோவேக்கும் அடுத்த சண்டை காத்திருந்தது. உஸ்பெகிஸ்தானின் முரோத்ஜோன் அக்மதலீவ், செப்டம்பரில். நடுவே லாஸ் வேகஸில் ரமோன் கார்டினாஸ், சான் அன்டோனியோக்காரர். பந்தயக்காரர்கள் யாரும் கார்டினாஸ் மேல் பணம் வைக்கத் தயாரில்லை. இனோவே நாலு சுற்று ஜாப் (முன்னால் நீட்டிய கையால் நேராகப் போடும் குத்து) மட்டும் போட்டு, தூரத்தில் நின்று புள்ளி சேர்த்துப் போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் முதல் சுற்றிலிருந்தே உள்ளே புகுந்தார். இரண்டாவது சுற்றின் கடைசியில் அகலமாக ஒரு இடது ஹூக் வீசினார். கார்டினாஸ் அதற்கு அடியில் குனிந்து, எழும்போதே தன் இடது ஹூக்கைத் தாடையில் இறக்கினார். இனோவே தரையில்! 122 பவுண்டு மனிதர், அதுவரை 29 சண்டையும் வென்றவர், முதுகுப்புறமாக விழுந்து கிடந்ததைப் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஓராண்டுக்கு முன் டோக்கியோவில் லூயிஸ் நேரியும் முதல் சுற்றிலேயே அவரை இடது ஹூக்கால்தான் விழவைத்தார். இவரது ஓட்டை எங்கே இருக்கிறது என்று இப்போது ஊருக்கே தெரியும்.

எழுந்தவர் பதறவில்லை, பதுங்கவும் இல்லை. அடுத்த சுற்றில் கொஞ்சம் தூரத்தைச் சரிசெய்துகொண்டு, ஜாப் வைத்து, மறுபடி முன்னால் வந்தார். கார்டினாஸும் லேசுப்பட்டவர் இல்லை. கயிற்றோரம் தள்ளப்பட்டு நாலைந்து அடி வாங்குவார், அதற்குள் ஒன்று திருப்பித் தருவார், அதுவும் வலிக்கிற மாதிரி. ஏழாவது சுற்றில் அவர் விழுந்தார், எழுந்தார். எட்டாவது சுற்றின் 45-ஆவது விநாடியில் ரெஃப்ரி குறுக்கே வந்து நிறுத்தினார். சரியான நேரம் என்றே எனக்குப் பட்டது. கார்டினாஸுக்கு அப்படிப் படவில்லை. உலகப் பட்டச் சண்டைகளில் இனோவேயின் 23-ஆவது நாக் அவுட் அது. பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸின் 22 என்ற சாதனை அதோடு போயிற்று.

அக்மதலீவ் இடதுகைக்காரர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். நேரியும் இடதுகைக்காரர்தான். அந்த அகல ஹூக்கை இனோவே குறுக்கிக்கொள்ள வேண்டும் என்று அவருடைய பயிற்சியாளரான தந்தை நிச்சயம் சொல்வார், சொல்வதுதான் சரி. பார்க்கிறவனாக எனக்கோ, அவர் கேட்காமல் இருந்தால் தேவலை.

நன்றி, வணக்கம்.