எலும்பு கிடந்த இடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோரே, வணக்கம்.

சீனத் தொல்லியலின் தந்தை என்று போற்றப்படும் லீ ஜி, கண்டெடுத்த பொருளால் நிலைத்தாரா, கடைப்பிடித்த முறையால் நிலைத்தாரா? இதுதான் இன்றைய வழக்கு. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஷாங் அரசின் தலைநகர் மண்ணுக்குள் புதைந்து கிடந்த சீன ஊர் ஆன்யாங். "ஆன்யாங் இல்லை என்றால் லீ ஜி ஏது?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நல்ல கைதட்டலும் வாங்கினார். நான் திருப்பிக் கேட்கிறேன். லீ ஜி வருவதற்கு முன்னால் ஆன்யாங் எங்கே போயிருந்தது?

அங்கேயேதான் இருந்தது ஐயா! அந்த மண்ணில் கிடைத்த எலும்பிலும் ஆமையோட்டிலும் இருப்பது பழங்காலத்து எழுத்து என்று 1899 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. அதுவரை அவை ‘டிராகன் எலும்பு’ என்று மருந்துக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. எழுத்து இருக்கிறது என்று தெரிந்ததும் விலை ஏறியது. ஊர்க்காரர்கள் தோண்டித் தோண்டி விற்றார்கள். விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? எழுத்தில்லாத எலும்பை எடுத்து, அதில் கீறி விற்கவும் ஆள் கிளம்பினார்கள். சீனத்தின் மாபெரும் மொழியறிஞர்களில் ஒருவரான ஜாங் தாய்யன் இந்த எலும்புகளை நம்பவே மறுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று சொல்ல ஆளில்லாத எலும்பை எதை வைத்து நம்புவது?

ஆக, பொருள் முப்பது ஆண்டுகளாகக் கையில்தான் இருந்தது. சாட்சிதான் இல்லை. அந்தச் சாட்சியைக் கொண்டுவந்தவர் லீ ஜி.

அவர் யார்? 1896-இல் ஹூபே மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்கா போய் உளவியல் படித்து, சமூகவியல் படித்து, கடைசியில் ஹார்வர்டில் மானிடவியலுக்கு வந்து 1923-இல் முனைவர் பட்டம் பெற்றார். சீன மக்கள் எப்படி உருவானார்கள் என்பதுதான் ஆய்வுப் பொருள். பரம்பரைக் கதையை அவர் நம்பி உட்காரவில்லை. மக்களின் உடல் அளவுகளைப் பார்த்தார், குடும்பப் பெயர்களைப் பார்த்தார், நகரங்களுக்கு மதில் எழுந்த காலங்களைப் பார்த்தார். இப்படிப் பழகிய கண்தான் பிறகு மண்ணைப் பார்த்தது.

1926-இல் ஷான்சி மாநிலத்தில் சீயின் என்ற சிற்றூர். ஒரு சீனர் தாமே தலைமை தாங்கி, அறிவியல் முறைப்படி நடத்திய முதல் அகழாய்வு அது. செலவில் பங்கேற்க அமெரிக்காவின் ஃப்ரீயர் கலைக்கூடம் முன்வந்தது. கிடைக்கும் பொருள் சீனத்திலேயே இருக்க வேண்டும் என்பது லீ ஜி முன்கூட்டியே வைத்த நிபந்தனை. ஒரு மண்வெட்டி மண் அள்ளும் முன்பே வைத்த நிபந்தனை, நடுவர் அவர்களே! அங்கே என்ன கிடைத்தது தெரியுமா? பெட்டி பெட்டியாக உடைந்த பானை ஓடு. கூடவே, கத்தியால் நறுக்கியதுபோல் பாதி வெட்டுண்ட ஒரு பட்டுப்புழுக்கூடு. வேறொருவராக இருந்தால் "உலகின் முதல் பட்டு" என்று முரசு அறைந்திருப்பார். லீ ஜி எழுதியது இவ்வளவுதான்: கூடு குழியின் அடிப்பக்கத்தில் கிடந்தது, அந்த இடத்து மண்ணின் நிறம் கலையவில்லை, எனவே பின்னால் வந்து விழுந்ததாக இருக்க முடியாது.

இனி ஆன்யாங். 1928-இல் தொடங்கிய அகழாய்வுக்கு அடுத்த ஆண்டே பொறுப்பேற்றார். 1937 வரை மொத்தம் பதினைந்து பருவங்கள். குழுவில் எல்லோரும் ஓர் உறுதி எடுத்துக்கொண்டார்கள்: பழம்பொருளை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வீட்டில் சேர்த்து வைப்பதும் இல்லை. ஒரு துண்டு எலும்புக்கு வியாபாரி காசோடு காத்திருந்த காலத்தில் எடுத்த உறுதி இது.

எதிரணி நண்பர் 1936-இல் கிடைத்த 127-ஆம் குழியைப் பற்றிப் பேசினார். எழுத்துப் பொறித்த ஆமையோடும் எலும்புமாக 17,096 துண்டுகள்! "இதைவிடவா முறை பெரிது?" என்று கேட்டார். ஐயா, நீங்கள் எடுத்துத் தந்த சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறது. பருவம் முடியப்போகிற நேரத்தில் அந்தக் குழி கண்ணில் பட்டது. ஜூன் மாத வெயில். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். அந்தக் குழு அப்படிச் செய்யவில்லை. மண்ணோடு சேர்த்து மொத்தக் கட்டியாக அறுத்து, மரப்பெட்டி கட்டி, டன் கணக்கான அந்தப் பாரத்தைத் தூக்கி ரயிலேற்றி நான்ஜிங் கொண்டுபோய், மாதக்கணக்கில் அடுக்கடுக்காகப் பிரித்தது. எலும்புகளுக்கு நடுவே ஒரு மனித எலும்புக்கூடும் கிடந்தது. அந்த மனிதர் யாராக இருக்கும், அங்கே ஏன் கிடந்தார் என்று இன்றைக்கும் நாம் கேட்க முடிகிறது அல்லவா? புதையல் வேட்டைக்காரன் கையில் சிக்கியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. லீ ஜி வளர்த்த பிள்ளைகள் செய்த வேலை அது.

பிறகு ஜப்பானுடன் போர் வந்தது. பெட்டிகளோடு சாங்ஷா, குன்மிங், அப்புறம் சிச்சுவானில் லிஜுவாங் என்ற ஆற்றங்கரை ஊர். அந்த அலைச்சலில் இரண்டு மகள்களை நோய்க்குப் பறிகொடுத்தார். ஒருத்தி குன்மிங்கில், இன்னொருத்தி லிஜுவாங்கில். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1948-இன் இறுதியில் பழம்பொருள் பெட்டிகள் தைவானுக்குக் கப்பலேறியபோது, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு அதே கப்பலில் ஏறினார். அடுத்த ஆண்டே தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல், மானிடவியல் துறையைத் தொடங்கினார். ஆன்யாங் பானைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1956-இல் வந்தது. கடைசிக் குழி தோண்டி ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து! கண்டெடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர் இத்தனை காலம் பானை ஓட்டோடு உட்கார்ந்திருப்பாரா?

நடுவர் மணியடிக்கிறார். ஒரே ஒரு கேள்வியோடு அமர்கிறேன். அந்தப் பாதிப் பட்டுப்புழுக்கூடு இன்றும் தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வெண்கலமில்லை, மணிக்கல் இல்லை, அதில் எழுத்தும் இல்லை. எந்த ஆழத்தில் கிடந்தது என்று லீ ஜி எழுதி வைத்த குறிப்பை எடுத்துவிட்டால், அந்தக் கூட்டுக்கு என்ன மதிப்பு? எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்ததும் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.