பிகேஜிசெக்: ஜென்டூ ரெப்போவைப் புஷ் பண்ணுவதற்கு முன்னால்

[திரையில்: டெர்மினல், ஒரு பேக்கேஜின் டைரக்டரி]

ஜென்டூ லினக்ஸில் ஒரு பேக்கேஜை உருவாக்க நீங்கள் எழுதுவது ஈபில்ட் என்கிற ஒரு டெக்ஸ்ட் ஃபைல். சோர்ஸை எங்கிருந்து இறக்குவது, எப்படிக் கம்பைல் செய்வது, கூட வேறு என்னென்ன பேக்கேஜ் வேண்டும், எல்லாம் அதற்குள் இருக்கும். எழுதினீர்கள், உங்கள் மெஷினில் இன்ஸ்டாலும் ஆகிவிட்டது. சரி, ரெப்போவுக்கு, அதாவது மற்றவர்களும் ஈபில்ட்களை எடுக்கிற பொது இடத்துக்கு, புஷ் பண்ணிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் பிகேஜிசெக்கை ஓட்டுங்கள், ஈபில்ட்களில் தப்பு தேடுகிற டூல் அது.

உங்கள் ஈபில்டில் ஏஎம்டி64-க்கு, அதாவது 64-பிட் பிசி ப்ராசசருக்கு, ஸ்டேபிள் கீவேர்ட் (அந்த ப்ராசசரில் நம்பிப் பயன்படுத்தலாம் என்கிற குறி) போட்டிருக்கிறீர்கள், அது கேட்கிற லைப்ரரியோ இன்னும் டெஸ்டிங்கில், அதாவது கீவேர்டுக்கு முன்னால் ஒரு டில்டாவோடு, இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் டெஸ்டிங் பேக்கேஜ்களையும் அனுமதித்திருப்பதால் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஸ்டேபிள் மட்டும் வைத்திருக்கிற ஒருவர் அதை இன்ஸ்டால் செய்யப் போனால் ஜென்டூவின் பேக்கேஜ் மேனேஜரான போர்டேஜ் முடியாது என்று நின்றுவிடும்.

[திரையில்: பிகேஜிசெக் ஸ்கேன், கீழே சிவப்பில் ஒரு வரி]

பிகேஜிசெக் இதைத்தான் பிடிக்கிறது. ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும், அதாவது ப்ராசசர் வகைக்கும், அதன் ப்ரொஃபைல்களை (அடிப்படை செட்டிங் தொகுப்புகளை) எடுத்துக்கொண்டு, டிபெண்டென்சிகள், அதாவது கூட வேண்டிய பேக்கேஜ்கள், அங்கே நிஜமாகவே கிடைக்குமா என்று பார்த்து, எந்த ப்ரொஃபைலில் எது கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. வரி முடிவில் ஸ்பேஸ், பழைய ஈஏபிஐ (ஈபில்ட் எழுதும் விதிகளின் வெர்ஷன்), தப்பான லைசென்ஸ் பெயர் எல்லாவற்றையும்கூடச் சொல்லும், ஆனால் என்னைக் கேட்டால் டிபெண்டென்சி சோதனை ஒன்றுக்காகவே இதை இன்ஸ்டால் பண்ணலாம்.

எந்த டைரக்டரியில் நின்று ஓட்டுகிறீர்களோ அதுதான் எல்லை: பேக்கேஜுக்குள் நின்றால் அது மட்டும், ரெப்போவின் உச்சியில் நின்றால் மொத்தமும். ஜென்டூவின் மெயின் ரெப்போ முழுவதையும் ஓட்டினால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான், அதனால் இன்னும் புஷ் ஆகாத கமிட்கள் தொட்டதை மட்டும் பார்க்க கமிட்ஸ் ஆப்ஷனைப் போடுங்கள். நெட் தேவைப்படுகிற சோதனைகள், உதாரணத்துக்கு ஹோம்பேஜ் லிங்க் உயிரோடு இருக்கிறதா என்பது, நீங்களாகக் கேட்டால்தான் ஓடும்.

[திரையில்: மெட்டாடேட்டா டைரக்டரிக்குள் பிகேஜிசெக் கான்ஃப் ஃபைல்]

அப்புறம் கான்ஃபிகரேஷன். ரிசல்ட்கள் எரர், வார்னிங், ஸ்டைல், இன்ஃபோ என நாலு ரகம். முதல் தடவை ஓட்டும்போது ஸ்டைலும் வார்னிங்கும் அருவி மாதிரி கொட்டும், உடனே எல்லாவற்றையும் வாயடைக்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். எந்த ஒன்று தொல்லையோ அதன் பெயருக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டால் அது மட்டும் போகும். இதை ஒவ்வொரு தடவையும் டைப் அடிக்க வேண்டாம், கான்ஃப் ஃபைலில் எழுதிவைக்கலாம். உங்கள் ஹோமிலும் வைக்கலாம், ஆனால் நாலு பேர் சேர்ந்து பார்க்கிற ஓவர்லே (மெயின் ரெப்போவோடு கூடச் சேர்க்கிற தனி ரெப்போ) என்றால் ரெப்போவுக்குள்ளேயே வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்குக் காட்டுகிற எச்சரிக்கை அடுத்தவருக்குக் காட்டாது, ரிவ்யூவில் அதுவே சண்டையாகும்.

சிஐ-யில், அதாவது சோதனைகள் தானாக ஓடுகிற இடத்தில், போடுகிறவர்களுக்கு ஒன்று: எரர் வந்தாலும் இது சாதாரணமாக வெற்றி என்றே முடியும். எக்சிட் ஆப்ஷனைச் சேர்த்தால்தான் எரருக்கு பில்ட் சிவப்பாகும். ரிசல்ட்களின் பெயர்களெல்லாம் தெரியாதே என்றால், பிகேஜிசெக் ஷோ என்பதைக் கீவேர்ட்ஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள் (இங்கே கீவேர்ட் என்பது ரிசல்ட்டின் பெயர்), முழுப் பட்டியலும் வரும்.