நடுச் சக்கரம் சும்மா சுற்றக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம். ரிமோட்டில் ஓடுகிற மான்ஸ்டர் டிரக், அதாவது ராட்சத டயர் போட்ட பொம்மை வண்டி பற்றி, அதிலும் கடையில் கிடைக்காத ஆறு சக்கர, எட்டுச் சக்கர வண்டிகளை நாமே கட்டுவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதினோரு வருடமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நான் உட்காருகிற வேலை இது.

முதலில் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ரோட்டில் 12 சக்கர லாரி ஒன்று திரும்பும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முன்னால் இரண்டு அச்சு இருக்கும், பெரும்பாலும் இரண்டுமே திரும்பும். ஆனால் டிரைவர் வண்டியை ஒடிக்கிறபோது முதல் சக்கரம் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு இரண்டாவது திரும்பாது. நம்மில் பலர் தினமும் பார்த்தும் கவனிக்காத விஷயம் இது. நான் முதல் எட்டுச் சக்கர வண்டியைக் கட்டியபோது எனக்கும் தெரியாது, இரண்டு அச்சையும் ஒரே அளவு திருப்பினேன், சிமென்ட் தரையில் வண்டி வளைவதற்குப் பதிலாகக் கிறீச் கிறீச் என்று டயரைத் தேய்த்துக்கொண்டே போனது. அப்புறம்தான் லாரிகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சரி, இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன? ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987-இல் க்ளாட் பஸ்டர் என்று ஒரு வண்டியை வெளியிட்டது. பத்தில் ஒரு பங்கு அளவு, செவ்ரலே பிக்கப் உடல், பெரிய பெரிய டயர். நான்கு சக்கரமும் ஓடும், நான்கும் திரும்பும். ஆனால் அதன் அருமை வெளித்தோற்றத்தில் இல்லை, அச்சில் இருக்கிறது. மற்ற வண்டிகளில் மோட்டார் நடுவில் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அங்கிருந்து ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டு வழியாகச் சக்தி அச்சுக்குப் போகும். க்ளாட் பஸ்டரில் மோட்டாரும் கியர் பாக்ஸும் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன, முன் அச்சுக்கு 540 என்று சொல்கிற அளவில் ஒரு மோட்டார், பின் அச்சுக்கு இன்னொன்று. நடுவில் ஷாஃப்ட் கிடையாது, ஜாயின்ட் கிடையாது, இரண்டு ஒயர் போகிறது, அவ்வளவுதான்.

இதை யோசித்துப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மோட்டாரோடு சேர்ந்து முழுசாக ஒரு அச்சு தனித்துண்டாகக் கிடைக்கிறது என்றால் மூன்றாவது ஒன்றை ஏன் மாட்டக் கூடாது? நான்காவதை ஏன் மாட்டக் கூடாது? ஷாஃப்ட் வண்டியில் இது பெரிய வேலை. நடு அச்சுக்குள் சக்தி நுழைந்து பின்பக்கமாக வெளியே வந்து அடுத்த அச்சுக்குப் போக வேண்டும், அதற்கென்று தனியாக அச்சு செய்ய வேண்டும். ட்ராக்ஸஸ் என்கிற ரிமோட் வண்டி நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த ஆறு சக்கர மெர்சிடிஸ் வண்டியில் நடு அச்சு அப்படித்தான் இருக்கிறது, நல்ல வேலைப்பாடு. க்ளாட் பஸ்டர் அச்சு நம் கையில் இருந்தால் இதெல்லாம் வேண்டாம். இரண்டு அலுமினியப் பட்டையை நீளமாக வெட்டி, துளை போட்டு, மூன்றாவது அச்சைத் தொங்கவிட்டு, ஒயரை நீட்டினால் வண்டி ஓடும். ஓடும் என்றுதான் சொல்கிறேன், நன்றாக ஓடும் என்று இன்னும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் ஒரு கதை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மோட்டார் கொடு, ஒயர் இழு, எத்தனை சக்கரம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போ என்பது பொம்மை வண்டிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவின் டெக்ஸாஸில் லெட்டர்னோ என்கிற பெரிய பொறியாளர் 1950-களிலேயே செய்து காட்டிவிட்டார். ரோடே இல்லாத பனிப் பிரதேசத்தில் சாமான் கொண்டுபோக அமெரிக்க ராணுவத்துக்காக அவர் தரை ரயில்கள் கட்டினார், தண்டவாளம் கிடையாது, ஆள் உயரத்தைத் தாண்டும் ரப்பர் டயர்கள்தான். இஞ்சின் மின்சாரம் செய்யும், அந்த மின்சாரம் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இருக்கிற மோட்டாருக்குப் போகும். கடைசியாகச் செய்த ரயிலை 1962-இல் அரிஸோனா பாலைவனத்தில் ஓட்டிச் சோதித்தார்கள். நீளம் சுமார் 174 மீட்டர், சக்கரம் 54, அத்தனையும் தானே உருண்டு இழுக்கிற சக்கரம். பிறகு பெரிய ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டதால் திட்டம் நின்றுபோய், பெட்டிகள் பழைய இரும்புக்குப் போய், ஓட்டுநர் பெட்டி மட்டும் யூமா என்கிற ஊரில் மிஞ்சி நிற்கிறது.

மான்ஸ்டர் டிரக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உலகின் முதல் மான்ஸ்டர் டிரக் என்று சொல்லப்படுகிற பிக்ஃபுட்டைக் கட்டியவர் செயின்ட் லூயிஸ் நகரத்து பாப் சாண்ட்லர். அவர் 1986-இல் ஐந்தாவது பிக்ஃபுட்டைக் கட்டியபோது பத்தடி உயர டயர் போட்டார், இன்றைக்கும் அதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அந்த டயர்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அலாஸ்கா பக்கம் ஓடிய லெட்டர்னோவின் ஒரு தரை ரயிலிலிருந்து. பழைய இரும்புக் கடையில் கிடந்ததைச் சாண்ட்லர் வாங்கினார். க்ளாட் பஸ்டருக்கு மூன்றாவது அச்சை மாட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும். டயர் அந்த ரயிலிலிருந்து வந்தது, மோட்டார் வைக்கிற யோசனையும் அதே ரயிலில் இருந்தது, இரண்டும் என் மேஜை மேல் சின்னதாக வந்து சேர்ந்திருக்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று அச்சு வண்டியில் நடு அச்சுதான் எல்லாத் தொந்தரவுக்கும் காரணம். வண்டி ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது முன்னும் பின்னும் கரையில் நிற்கும், நடுச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். ஒரு மேட்டின் உச்சியில் ஏறும்போது நடுச் சக்கரம் மட்டும் தாங்கும், முன்னும் பின்னும் தூக்கிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு ஆறு சக்கரமும் சுற்றுகிற மாதிரிதான் தெரியும். ஆனால் இழுக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதைக் கண்டுபிடிக்க நான் சமையலறைத் தராசைப் பயன்படுத்துகிறேன். ஒரு சக்கரத்தைத் தராசில் ஏற்றி, மற்ற ஐந்து சக்கரத்துக்கும் அதே உயரத்தில் பலகை வைத்து, ஒவ்வொன்றாக எடை எழுதுவேன். என் ஆறு சக்கர வண்டியின் மொத்த எடை 7.2 கிலோ, அப்படியென்றால் சக்கரத்துக்கு 1.2 கிலோ வர வேண்டும். முதல் தடவை எழுதியபோது முன் சக்கரம் ஒவ்வொன்றும் 1.6, பின் சக்கரம் 1.55, நடுச் சக்கரம் 450 கிராம். இவ்வளவு சிரமப்பட்டு மாட்டிய அச்சு கால் பங்குகூடச் சுமக்கவில்லை! தராசு இல்லாதவர்கள் ஒரு செய்தித்தாள் துண்டை நடு டயருக்கு அடியில் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்தச் சக்கரம் சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கான மருந்து நம் டாரஸ் லாரியின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. பின்னாலுள்ள இரண்டு அச்சையும் தனித்தனி ஸ்பிரிங்கில் தொங்கவிடாமல், நடுவில் முளையடித்த ஒரு உத்தரத்தின் இரண்டு முனையில் மாட்ட வேண்டும், சிறுபிள்ளைகள் விளையாடுகிற சீசா பலகை மாதிரி. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், சுமை எப்போதும் இரண்டுக்கும் பங்காகும். ஒரு சக்கரம் 40 மில்லிமீட்டர் கல்லில் ஏறினால் அந்த இடத்தில் வண்டி 20 மில்லிமீட்டர்தான் எழும்பும். செவ்வாயில் ஓடுகிற ரோவர்களும், 2023-இல் நிலவில் இறங்கிய நம் பிரக்யானும் ஆறு சக்கரத்தையும் தரையில் வைத்திருப்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பாட்டில்தான், அங்கேயும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார்தான்.

ஆனால் மோட்டார் அச்சின் மேல் இருக்கும்போது இதில் ஒரு சிக்கல் உண்டு, பலர் இங்கேதான் தவறுகிறார்கள். சக்கரம் முன்னோக்கிச் சுற்றினால் அச்சுக்கூடு பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும். கூட்டை உத்தரத்தோடு இறுக்கி முடுக்கிவிட்டால் அந்த முறுக்கு உத்தரத்துக்குப் போய், ஆக்ஸிலரேட்டர் கொடுத்த உடனே உத்தரத்தின் முன்முனை தூக்கிக்கொள்ளும், அதாவது நடுச் சக்கரம் மறுபடியும் காற்றில். அதனால் அச்சு உத்தரத்தில் சுழலும்படி இருக்க வேண்டும், முறுக்கைத் தாங்க அச்சுக்கு மேலிருந்து சேஸுக்கு ஒரு கம்பி போக வேண்டும். லாரி மெக்கானிக்குகள் டார்க் ராடு என்று சொல்வார்களே, அதேதான். லேத்தில் ஆறு மில்லிமீட்டர் கம்பி இரண்டைக் கடைந்து, இரண்டு முனையிலும் மரை போட்டு, பால் ஜாயின்ட் மாட்டினேன். மறுபடி தராசில் வைத்தேன். முன் 1.3, நடு 1.1, பின் 1.2. அந்த மூன்று எண்களை எழுதிய காகிதத்தை இன்னும் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஸ்டீயரிங் கணக்கு சுலபம். நான்கு அச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் 200 மில்லிமீட்டர் என்று வையுங்கள். முன் இரண்டும் திரும்பும், பின் இரண்டும் திரும்பாது என்றால் வண்டி சுழலும் மையம் பின் இரண்டுக்கும் நடுவே போகிற கோட்டில் இருக்கும். அங்கிருந்து முதல் அச்சு 500 மில்லிமீட்டர், இரண்டாவது 300. முதலாவது 30 டிகிரி திரும்பினால் இரண்டாவது 19 டிகிரி திரும்பினால் போதும், வண்டி சுமார் 87 சென்டிமீட்டர் ஆரத்தில் வளையும். நான்கு அச்சையும் திருப்பினால் மையம் வண்டியின் நடுவுக்கு வந்துவிடும், முதல் அச்சும் கடைசி அச்சும் 30, நடு இரண்டும் 11 டிகிரி, ஆரம் 52 சென்டிமீட்டராகக் குறையும். எட்டுச் சக்கரம் கட்டுகிறவர்கள் நான்கையும் திருப்புங்கள் என்பதே என் கருத்து, பின் அச்சுகளை எதிர்த்திசையில் திருப்ப மறக்காதீர்கள். அச்சுக்கு ஒரு சர்வோ, அதாவது சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டார் வைத்து, ரிமோட்டில் ஒவ்வொரு சேனலின் எல்லையையும் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

மின்சாரப் பக்கம் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். மோட்டார்களைச் சீரிஸில் இணைக்காதீர்கள். சீரிஸில் ஒரு அச்சு அந்தரத்தில் தூக்கினால் அந்த மோட்டார் வேகமெடுத்து வோல்ட்டேஜை எல்லாம் எடுத்துக்கொள்ளும், தரையில் நிற்பவை சோர்ந்துவிடும். பேரலலில் எல்லாவற்றுக்கும் முழு வோல்ட்டேஜ் போகும். ஆனால் சுமையில் ஒவ்வொரு 540-உம் 10 ஆம்பியரைத் தாண்டும் என்பதால் மூன்று மோட்டாரின் மொத்தத்தைத் தாங்குகிற ஸ்பீடு கன்ட்ரோலர், அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி வேண்டும். இது உள்ளே கார்பன் பிரஷ் உள்ள சாதாரண மோட்டாருக்குத்தான். பிரஷ்லெஸ் என்றால் மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர் கட்டாயம். இரண்டாவது, க்ளாட் பஸ்டரில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே மாதிரித் துண்டுகள், எதிரெதிராகத் திருப்பி மாட்டியிருப்பார்கள், ஆகவே மூன்றாவது அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து ஒயரை மாற்றிக் கொடுங்கள். வண்டியைத் தரையில் விடுவதற்கு முன் கட்டை மேல் தூக்கி வைத்து எல்லாச் சக்கரமும் ஒரே திசையில் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது எனக்கு நஷ்டத்தில் வந்த பாடம். நான்கு சர்வோவுக்கும் ஸ்பீடு கன்ட்ரோலரிலிருந்து வருகிற அந்தச் சின்ன 6 வோல்ட் சப்ளையையே நம்பியிருந்தேன். புல் தரையில் நான்கு சர்வோவும் ஒரே நேரத்தில் திணறியபோது வோல்ட்டேஜ் விழுந்து, ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவர் அணைந்து மறுபடி உயிர்பெற்றது, அந்த ஒன்றிரண்டு நொடியில் என் கையில் வண்டி இல்லை. சரிவு வேறு. உருண்டுபோய் கால்வாய்க் கல்லில் மோதி இரண்டாம் அச்சின் கூடு பிளந்தது, நான்கு மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வண்டி. அன்றிலிருந்து சர்வோவுக்கென்று தனியாக 10 ஆம்பியர் தருகிற ரெகுலேட்டர் வைக்கிறேன். அப்படி வைக்கும்போது கன்ட்ரோலரிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு ஒயரைக் கழற்றிவிட வேண்டும், இரண்டு சப்ளை ஒன்றோடொன்று மோதக் கூடாது.

போன மாதம் எங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் எம் சாண்ட் கொட்டியிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டு, வேலை முடிந்த சாயங்காலம் ஆறு சக்கர வண்டியை எடுத்துப்போனேன். மணல் சரியச் சரிய ஏறியது, உச்சியில் கொஞ்சம் தயங்கி முன் சக்கரம் அந்தப் பக்கம் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் கீழே உட்கார்ந்து, "அண்ணா, நடு வீலும் மண்ணைத் தள்ளுது" என்றான். அவனிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நடு டயருக்குப் பின்னால் மணலில் ஆழமாகப் பல் பதிந்திருந்தது.

நன்றி, வணக்கம்.